பாலத்துக்கு அடியில் காலி

ஹூஸ்டனுக்கு வந்த புதிதில் அந்த ஃப்ரீவே பாலத்துக்கு அடியில் வரிசையாக வீடற்றவர்களின் கூடாரங்கள் இருக்கும். நேற்று பார்த்தால் ஒரு சூப்பர்மார்க்கெட் தள்ளுவண்டி மட்டும் கவிழ்ந்து கிடக்கிறது. அடித்து விரட்டிவிட்டார்களோ என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லையாம், வீடு பார்த்துக் கொடுத்திருக்கிறார்களாம்.

இங்கே வீடற்றோருக்கு உதவும் 100-க்கும் மேற்பட்ட அமைப்புகள் ஆளுக்கொரு கடை போடாமல், யாருக்கு வீடு வேண்டும் என்ற ஒரே பட்டியலை வைத்து வேலை செய்கின்றன. முதலில் வீடு; குடியை விடுவது, வேலை தேடுவது எல்லாம் அப்புறம். 2011-இலிருந்து வீடற்றோர் எண்ணிக்கை பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது.

எனக்குப் பிடித்தது வீட்டுக்காரர்களை வளைத்த விதம்தான். வாடகை ஒழுங்காக வரும், தகராறு என்றால் கூப்பிட ஒரு ஆள் உண்டு. அவர்களுக்கு வேறென்ன வேண்டும்? சென்னையில் பத்து மாச அட்வான்ஸ் கேட்ட எங்கள் ஹவுஸ் ஓனர் மாமாவும் இதற்கு மடங்கியிருப்பார்!