அண்ணனோடு நானும் ஸ்கேனுக்குப் படுத்தேன்

அண்ணனுக்கு மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா) என்று தெரிந்தபோது வயது 22. யாரும் பேசாத குரல்கள் அவன் காதில் கேட்கும். "என் வயித்துல பொறந்ததுதான் தப்பு" என்று அம்மா அன்றிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தாள். அதனால்தான் பெங்களூரில் ஒரு மரபணு ஆராய்ச்சிக்கு நோயாளியின் உடன்பிறந்தவர்களும் வேண்டும் என்றதும் உடனே சரி என்றேன். நோய் இல்லாத தங்கை எதற்கு? எங்கள் மரபணுக்களில் சராசரியாகப் பாதி ஒன்று, ஆனால் நான் மாத்திரை சாப்பிடுவதில்லை. மூளை வேலை செய்யும் விதத்தில் அவனிடம் தெரிகிற ஒரு மாற்றம் என்னிடமும் லேசாக இருந்தால், அது மருந்தால் வந்திருக்காது, குடும்ப வழியில் வந்திருக்கலாம்.

ஒப்புதல் படிவத்தை அண்ணனுக்குத் தனியாக வாசித்துக் காட்டி, புரிந்ததை அவனையே திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். அவனிடம் அப்படி மரியாதையாகக் கேட்டவர்கள் குறைவு. அப்புறம் குடும்பத்தில் யார் யாருக்கு நோய் என்று குறிக்கிற வம்சாவளிப் படம்: ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். இதில்தான் திணறினேன். காசிக்குப் போய்விட்டார் என்று வீட்டில் சொல்லிவந்த பெரியப்பாவைப் பற்றிக் கேட்க ராத்திரி அத்தைக்குப் போன் போட்டேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அவர் தனக்குத்தானே பேசியதையும் சாப்பாட்டில் விஷம் என்று தட்டைத் தள்ளியதையும் சொன்னாள்.

ரத்தம் எடுத்தது ஐந்து நிமிஷம். எம்ஆர்ஐதான் கஷ்டம், தலை கொஞ்சம் அசைந்தாலும் படம் கெட்டுவிடும். திரையில் எண்கள் வரிசையாக வரும், இரண்டு எண்ணுக்கு முன்னால் வந்ததே மறுபடி வந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். சற்றுமுன் பார்த்ததை மனதில் நிறுத்தும்போது மூளையின் முன்பகுதி எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கிறார்கள். நான் அசைந்ததால் ஒரு பகுதியை மறுபடி எடுத்தார்கள். அண்ணன் அசையவே இல்லை. "அந்தச் சத்தத்துல குரல் எதுவும் கேக்கல" என்றான்.

என் குழந்தைக்கு வருமா என்று கேட்டேன். தனி ஆளுக்கு முடிவு சொல்வதில்லை என்று படிவத்திலேயே இருந்தது, ஆனாலும் ஆராய்ச்சி செய்கிற டாக்டர் உட்கார்ந்து விளக்கினார். 2022இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் 76,000க்கும் அதிகமான நோயாளிகளின் மரபணுக்களைப் பார்த்ததில் 287 இடங்கள் நோயோடு தொடர்புள்ளவை என்று தெரிந்ததாம். ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது. அந்த நோயாளிகளில் பெரும்பாலோர் ஐரோப்பிய வம்சாவளி, அதனால்தான் நம் குடும்பங்களின் ரத்தமும் வேண்டும் என்றார். ஒரே கருவில் உருவான இரட்டையரில்கூட ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் வந்தே தீரும் என்பதில்லை, சுமார் பாதிப் பேருக்கு வருவதில்லை.

அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். தாய் தகப்பன் இருவரிடமும் இல்லாத மரபணு மாற்றம் பிள்ளையிடம் புதிதாக உண்டாவதும் உண்டு, அதைக் கண்டுபிடிக்கப் பெற்றோரின் ரத்தமும் வேண்டும் என்றேன். "எப்பப் போகணும்?" என்று கேட்டாள். அடுத்த மாதம் மூவரும் போகிறோம், அப்பாவிடம் இன்னும் பேசவில்லை.