மோனோ ஷாக் மாத்துறதுக்கு முன்னாடி

பழைய ஆர்எக்ஸ் 100, ஸ்ப்ளெண்டர்ல பின்சக்கரத்து ரெட்டை ஷாக்கைக் கழட்டிட்டு நடுவுல ஒத்த ஷாக் வைக்கணும்னு நிக்கிற மதுரைத் தம்பிகளுக்கு: வெல்டிங்கை விட ஸ்பிரிங் கணக்குதான் காலை வாரும்.

சக்கரம் 100 மி.மீ. ஏறும்போது ஷாக் 50 மி.மீ. அமுங்கினா விகிதம் 2. சக்கரத்துல வேண்டிய விறைப்பை விட ஸ்பிரிங் விறைப்பு 2-ன் வர்க்கம், அதாவது 4 மடங்கு இருக்கணும். பழைய ஷாக்ல ஒண்ணையே நடுவுல மாட்டினா ஆள் ஏறினதும் வண்டி உட்கார்ந்துரும். அழகர்கோவில் ரோட்டு வேகத்தடைக்கே டயர் மட்கார்டுல உரசும்.

ஆள் உட்கார்ந்ததும் சக்கரத்தோட மொத்த அசைவுல 25–30 சதவீதம் இறங்கணும். 100-க்கு 25–30 மி.மீ. டேப் வச்சு அளந்துட்டு பிரீலோடை, அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கிற அளவைத் திருகிச் சரிபண்ணுங்க.

ஷாக் மேல்முனை பிடிக்கிற சேசிஸ் குழாய் இந்தப் பாரத்துக்குச் செஞ்சதில்ல. பிராக்கெட்டை நேரா ஒட்டினா வெல்டிங் ஓரத்துலயே விரிசல் விடும். நீளமான குசெட் தகடு (மூட்டுக்கு முட்டுக்கொடுக்கிற தகடு) போட்டு பாரத்தைப் பரப்பணும். குழாயைச் சுத்தி வளையமா வெல்டு வைக்கக் கூடாது.

முன்னாடி ஹொசாக் ஃபோர்க் (ஃபோர்க்கை மேலயும் கீழயும் ரெண்டு கை பிடிச்சு, தனி ஷாக் பாரம் தாங்குற அமைப்பு) ஆசையா? பிஎம்டபிள்யூ கே1200எஸ்-ல 2004-லயே டியோலீவர்ங்கிற பேர்ல வந்துருச்சு. பிரேக் அடிச்சா பெருசா மூக்கு குத்தாது. ஆனா அந்தக் கைகளை ஃபோர்க்கோட சேக்கிற பால் ஜாயின்ட்ல (உருண்டை மூட்டுல) கொஞ்சம் ஆட்டம் விழுந்தாலும் ஹேண்டில் உதறும். லேத்துல கடைஞ்ச புஷ்ஷை நம்பி இறங்காதீங்க.

ஆர்டிஓ விஷயம் தனி. சேசிஸ்ல கை வைக்கிறதை மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு சும்மா விடாது.