புதினத் தாளில் ‘குடும்பம்’ வினா: நான் படித்த முறை

முதுகலைத் தமிழ் இறுதிப் பருவ முடிவுகள் வெளிவந்துவிட்டன. நான் மிகவும் அஞ்சிய தற்காலப் புதினத் தாளிலேயே நல்ல மதிப்பெண் கிடைத்திருப்பதால், அடுத்து எழுதவிருக்கும் தம்பி தங்கையருக்காக, மனநிறைவு ஆறுவதற்குள் இதை எழுதுகிறேன்.

குடும்பம் பற்றிய நெடுவினாவுக்குப் பலரும் கதைச்சுருக்கத்தை எழுதிவிட்டு எழுந்துவிடுகிறார்கள். நான் ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு படித்தேன்: இந்த வீட்டுக்குள் யாருக்கு இடம் உண்டு, அதை முடிவு செய்வது யார்?

ஜெயகாந்தனிடம் இது தெளிவாகப் பிடிபடும். 1966இல் வந்த ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதையில், மழைநாளில் முன்பின் தெரியாதவனின் காரில் ஏறிச் சீரழிக்கப்பட்டு வரும் மகளின் தலையில் தாய் தண்ணீரை ஊற்றி, நீ தூய்மையாகிவிட்டாய் என்று தேற்றி உள்ளே சேர்த்துக்கொள்கிறாள். ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ புதினத்திலோ அதே நிலையில் வீடு திரும்பும் கங்காவைக் கண்டு தாய் கதறிவிட, செய்தி அக்கம்பக்கத்துக்குத் தெரிந்து, அண்ணன் கணேசன் அவளை வெளியே துரத்துகிறான். குற்றம் ஒன்றே; வீட்டின் முடிவு மாறியதால் ஒரு பெண்ணின் வாழ்க்கையே மாறிப்போகிறது. விடைத்தாளில் இந்த ஒப்பீட்டுக்கே நான் அதிக இடம் கொடுத்தேன், அதுவே என்னைக் கரையேற்றியது என்று உறுதியாக நம்புகிறேன்.

இதற்கு நேர் எதிரே ஜெயகாந்தனின் ‘ஒரு மனிதன் ஒரு வீடு ஒரு உலகம்’ புதினத்தின் நாயகன் ஹென்றியை நிறுத்துங்கள். பெற்றவர் யாரென்றே அறியாத அவன், தன்னை வளர்த்தவரின் ஊரான கிருஷ்ணராஜபுரத்துக்கு வந்து, பூட்டிக் கிடந்த வீட்டைத் திறக்கிறான். வளர்த்தவரின் தம்பி துரைக்கண்ணு அவனை அண்ணன் மகனாகவே ஏற்றுக்கொள்கிறார். உறவு இரத்தத்தால் மட்டும் வருவதன்று என்ற நம்பிக்கையை இதைவிடக் கனிவாகச் சொன்ன புதினத்தை நான் படித்ததில்லை.

தி. ஜானகிராமனின் ‘அம்மா வந்தாள்’ புதினத்தில், தாயின் பிற உறவை அறிந்து வீட்டைவிட்டு விலகும் மகன் அப்புவுக்கு ஒரு பத்தி போதும்.

வினாவில் ‘நம்பிக்கை’ என்ற சொல் இருந்தால், விடியல் பிறக்கும் என்று முடிக்காதீர்கள். 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்ற இமையத்தின் ‘செல்லாத பணம்’ புதினத்தில், தீக்காயப் பிரிவுக்கு வெளியே கையில் பணத்தோடு காத்திருக்கும் பெற்றோரால் ரேவதியைக் காப்பாற்ற முடிவதில்லை. அந்த இயலாமையை அப்படியே எழுதுங்கள்.

மற்றவை சுருக்கமாக:
மாந்தர் பெயர்களில் பிழை கூடாது.
வழிகாட்டி நூல்களின் கதைச்சுருக்கத்தை நம்பவேண்டா.
ஐந்து புதினங்களைப் புரட்டுவதைவிட இரண்டை முழுமையாகப் படியுங்கள். நான் மெதுவாகப் படிப்பவள், எனக்கு அதுவே கைகொடுத்தது.