பெரியப்பாவின் பாமினிக் கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றுதல்: இதுவரை செய்தவை

திருகோணமலைக் கரையோரத்து மீன்பிடிச் சொற்களையும் ஊர்ப்பெயர்களையும் பெரியப்பா பல ஆண்டுகளாகத் திரட்டி, தாமே தட்டச்சுச் செய்து, இறுவட்டுகளில் பதிந்து வைத்திருந்தார். அவர் காலமான பின்னர் பெரியம்மா அவற்றை ஒரு பிஸ்கட் தகரத்தில் போட்டுப் பத்திரப்படுத்தி, கடந்த மாதம் என்னிடம் தந்தார். என் மடிக்கணினியில் இறுவட்டுச் செலுத்தி இல்லாததால் நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கினேன். ஐந்து இறுவட்டுகளில் ஒன்று வாசிக்கவே முடியாதபடி பழுதடைந்திருந்தது. மற்ற நான்கிலிருந்தும் 38 வேர்ட் கோப்புகள் கிடைத்தன.

முதற்கோப்பை லிப்ரே ஆஃபிஸ் என்ற ஆவணச் செயலியில் திறந்ததும் அருகில் இருந்த பெரியம்மா, "தம்பி, அவர் தமிழிலதானே எழுதினவர், இது என்ன இங்கிலீசாக் கிடக்கு?" என்று கேட்டார். கோப்பில் பழுது ஏதும் இல்லை. அது பாமினி எழுத்துருவில் எழுதப்பட்டது. பாமினியில் தமிழ் எழுத்துகளுக்கென்று தனிக் குறியெண்கள் கிடையாது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்திருப்பார்கள். ஆகவே 'திருகோணமலை' என்று நாம் காண்பது, கோப்பின் உள்ளே ஜே, பி, பெரிய யூ, பெரிய என், எஃப், எச், இசட், கே, ஐ, வை என்ற பத்து ஆங்கில எழுத்துகளாகவே கிடக்கிறது. பாமினியை நிறுவியதும் பக்கம் முழுவதும் தமிழாக மாறியது. பெரியம்மா சிறிது நேரம் வாசித்தார். நானும் அத்துடன் நிறுத்தியிருக்கலாம். ஆனால் 'சூரை' என்ற மீன்பெயரை, தமிழ் எழுத்துகளுக்குத் தனிக் குறியெண்கள் தரும் ஒருங்குறியில் (யூனிகோட்) தட்டித் தேடியபோது, அச்சொல் ஒரே பக்கத்தில் நான்கு இடங்களில் கண்ணெதிரே இருந்தும், தேடல் ஒன்றையும் காட்டவில்லை. ஒரு சொற்தொகுப்பில் சொல்லைத் தேட முடியாவிட்டால் அவரது உழைப்பு யாருக்குப் பயன்படும்? தமிழ் 1991இல், ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே இடம்பெற்றுவிட்டது. இந்தக் கோப்புகளையும் அங்கே கொண்டு சேர்ப்பதென்று முடிவு செய்தேன்.

இணையத்தில் கிடைக்கும் மாற்றிகளில் உரையை ஒட்டிப் பார்த்தேன். தமிழ்ப் பகுதி ஓரளவு சரியாக வந்தது. ஆனால் பெரியப்பா ஒவ்வொரு மீனுக்கும் அறிவியற் பெயரை ஆங்கில எழுத்தில் கொடுத்திருந்தார். மாற்றி அவற்றையும் பாமினி என்றே எடுத்துக்கொண்டு, பாரை மீனின் 'கராங்ஸ்' என்ற பெயரை 'ஊயசய' என்று தொடங்கும் பொருளற்ற எழுத்துக்கோவையாக ஆக்கியது. எது பாமினி, எது ஆங்கிலம் என்பதை எழுத்துருவின் பெயரைக் கொண்டுதான் அறிய முடியும். வெறும் உரையாக வெட்டி ஒட்டும்போது அந்தத் தகவலே போய்விடுகிறது.

இந்த இடத்தில்தான் திறந்த வடிவம் கைகொடுத்தது. 38 கோப்புகளையும் ஓடிடி வடிவத்தில் சேமித்தேன். 2006இல் சர்வதேசத் தரமாக ஏற்கப்பட்ட ஓடிஎஃப் (திறந்த ஆவண வடிவம்) வகையைச் சேர்ந்த இக்கோப்பு உண்மையில் ஒரு ஸிப் பொதி. அதைப் பிரித்தால் உரை முழுவதும் எக்ஸ்எம்எல் என்ற, குறிச்சொற்கள் இட்ட உரை வடிவில், எந்தத் துண்டுக்கு எந்த எழுத்துரு என்ற குறிப்புடன், கண்ணால் வாசிக்கக்கூடியதாகக் கிடைக்கிறது. பாமினி என்று குறிக்கப்பட்ட துண்டுகளை மட்டும் மாற்றும் சிறிய பைதான் நிரல் ஒன்றை இரண்டு மாலைகளில் எழுதினேன். எழுத்துருவின் பெயரை மாற்றிய பின்னும் தோற்றம் மாறாதது ஒரு நாள் முழுவதும் என்னை அலைக்கழித்தது. தமிழ் போன்ற எழுத்துமுறைகளுக்கான எழுத்துருவை ஓடிஎஃப் தனிப் பண்பாக வைத்திருப்பதை அதன் பின்னரே கண்டுகொண்டேன்.

எழுத்து மாற்றத்தில் உள்ள சிக்கல் வேறு. பாமினியில் கொம்பு (ெ), கண்ணுக்குத் தெரியும் ஒழுங்கில், மெய்க்கு முன்னே வருகிறது. ஒருங்குறியில் மெய் முதலில், உயிர்க்குறி பின்னர். இதை இடம் மாற்றுவது எளிது. ஆனால் 'கௌ' என்பதில் வலப்புறம் வரும் குறியும் 'ள' என்ற எழுத்தும் பாமினியில் ஒன்றே. என் முதல் நிரல், கொம்பும் மெய்யும் ளகரமும் சேர்ந்து வந்த இடங்களையெல்லாம் ஔகாரமாக்கியது. உப்புவெளி 'உப்புவௌி' ஆயிற்று. நிலாவெளியும் குச்சவெளியும் அவ்வாறே ஆயின. வெள்ளைமணல் 'வௌ்ளைமணல்' ஆயிற்று. எங்கள் கரையோர ஊர்ப்பெயர்களே இப்படிச் சிதைந்து நின்றதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. அரச அறிவித்தல்களிலும் 'வௌியீடு' என்று அடிக்கடி காண்பதற்குக் காரணம் இதுதான் என்பது அப்போது புரிந்தது.

ளகரத்தைத் தொடர்ந்து உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் அது எழுத்து, வராவிட்டால் ஔகாரக் குறி என்று விதி சேர்த்தேன். வெளிகள் எல்லாம் மீண்டன. ஆனால் 'பௌர்ணமி' கெட்டது. அச்சு வழக்கில் ர் என்பதற்குக் கீழ்க்கால் இடாததால், பெரியப்பா பல இடங்களில் ரகரத்துக்குப் பதிலாக அரவுக்குறியை (ா) தட்டி அதன்மேல் புள்ளி வைத்திருந்தார். புதிய விதி அந்த அரவைக் கண்டதும் முன்னிருந்த ஔகாரக் குறியை ளகரமாக எடுத்துக்கொண்டது. அரவும் புள்ளியும் சேர்ந்ததை முதலில் ர் ஆக்கி, அதன் பின்னரே ஔகார விதியை இயக்கியபோது இரண்டும் சரியாயின.

நேற்றிரவு வரை 31 கோப்புகள் முடிந்து, அச்சுப்படியுடன் ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டுள்ளன. 'சூரை' என்று தேடினால் இப்போது எல்லா இடங்களும் வருகின்றன. எஞ்சிய ஏழு கோப்புகளும் விசை ஒழுங்கு வேறான இன்னோர் எழுத்துருவில் உள்ளன. அந்த எழுத்துரு இறுவட்டில் இல்லை. பெரியம்மா வைத்திருந்த நிழற்பிரதிகளில் அந்த ஏழில் மூன்றுக்கு அச்சுப்படி உண்டு. அவற்றைத் திரையில் உள்ள ஆங்கில எழுத்துகளுடன் ஒவ்வொன்றாக ஒப்பிட்டு அட்டவணை தயாரித்து வருகிறேன். உயிர்மெய்களில் ககர வரிசை நிறைவடைந்துள்ளது.