நியூயார்க் ட்ரான்ஸ்ஃபர் ஸ்கூல் சேர்க்கை: முதலில் ட்ரான்ஸ்கிரிப்டை எடுங்கள்

17 வயது, ஹைஸ்கூலில் மூன்றாவது வருடம், தேறிய பாடங்களுக்காகக் கையில் 15 கிரெடிட். நியூயார்க் நகரத்தில் இப்படி நடுவில் நிற்கும் பிள்ளைகளுக்காகவே ட்ரான்ஸ்ஃபர் ஸ்கூல்கள் இருக்கின்றன. எல்லாம் அரசுப் பள்ளிகள்தான்; சிறியவை, முழுநேரம், கட்டணம் கிடையாது. ஒரு வருடமாவது ஹைஸ்கூலில் இருந்துவிட்டுப் பின்தங்கியவர்களும் படிப்பை விட்டவர்களும் சேரலாம். வயது பொதுவாக 16 முதல் 21 வரை. முடித்தால் மற்ற ஹைஸ்கூல்களில் தருகிற அதே டிப்ளோமாதான்.

"வயதாகிவிட்டது, ஜிஇடி எழுதிக்கொள்" (ஹைஸ்கூல் டிப்ளோமாவுக்குச் சமமான தேர்வு) என்று பழைய பள்ளியில் யாராவது சொன்னால் அதோடு எழுந்து வந்துவிடாதீர்கள். டிப்ளோமா வாங்காத பிள்ளைக்கு 21 வயது நிறையும் கல்வியாண்டின் கடைசி வரை படிக்கும் உரிமை உண்டு. குடியேற்றக் காகிதம் இல்லாத பிள்ளைகளுக்கும் இலவசப் பள்ளிப் படிப்பை மறுக்க முடியாது என்று 1982-லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. புதிய பள்ளியில் இடம் உறுதியாகும்வரை பழைய பள்ளியிலிருந்து பெயரை நீக்கும் தாளில் கையெழுத்துப் போடவே கூடாது. நடுவில் எங்கும் பெயர் இல்லாமல் போகும் அந்த இரண்டு மாதத்தில்தான் பிள்ளைகள் முழுநேர வேலைக்குப் போய்விடுகிறார்கள்.

சேர்க்கைக்குக் கூடப் போகிற நாங்கள் முதலில் கேட்பது, எடுத்த பாடங்களும் கிரெடிட்டும் பதிவான ட்ரான்ஸ்கிரிப்டை. பழைய பள்ளியின் ஆலோசகரிடம் அச்சுப் பிரதி வாங்கி, பேனாவோடு உட்காருங்கள். மொத்தம் வேண்டியது 44 கிரெடிட்: ஆங்கிலம் 8, சமூக அறிவியல் 8, கணிதம் 6, அறிவியல் 6, வேற்று மொழி 2, கலை 2, உடற்கல்வி 4, சுகாதாரம் 1, விருப்பப் பாடங்கள் 7. ஒவ்வொரு வரியையும் இந்தத் தலைப்புகளின் கீழ் பிரித்து எழுதினால்தான் உண்மை தெரியும். 30 கிரெடிட் இருக்கிறது என்று நம்பி வருகிற பிள்ளைக்கு விருப்பப் பாடங்களே 10 இருக்கும். அதில் 7-க்கு மேற்பட்டது கணக்கில் உதவாது. உடற்கல்வியைப் பலரும் அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள். அது ஒரு பருவத்துக்கு ஒரு முழு கிரெடிட்கூடத் தராது. எல்லாத் தேர்வும் தேறியும் ஜிம் வகுப்புக்காகவே டிப்ளோமா ஒரு பருவம் தள்ளிப்போவது உண்டு.

அடுத்து, நியூயார்க் மாநிலம் நடத்தும் ரீஜன்ட்ஸ் பாடத் தேர்வுகள். வழக்கமாக 5 தேற வேண்டும், தேர்ச்சி 65. ஒரு தேர்வை இரண்டு முறை எழுதியும் 60-க்கும் 64-க்கும் நடுவில் நின்றால், பாடத்தில் தேறியிருக்கும் பட்சத்தில் மேல்முறையீடு செய்யலாம். பள்ளி தானாகச் சொல்லும் என்று காத்திருக்க வேண்டாம். சில ட்ரான்ஸ்ஃபர் ஸ்கூல்களில் ஆங்கிலம் தவிர மற்ற ரீஜன்ட்ஸுக்குப் பதிலாக நீண்ட ஆய்வுக் கட்டுரையும் அதை ஆசிரியர் குழு முன் விளக்குவதும் உண்டு. தேர்வு அறையில் உறைந்துபோகிற பிள்ளைக்கு அது பெரிய வரம். ஆனால் எழுதுவதையே வெறுக்கிற பிள்ளையை அங்கே சேர்க்காதீர்கள்.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ நடுவில் வந்தவர்களுக்கு ஒரு விஷயம். 9, 10-ஆம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், சாதாரண தரச் சான்றிதழ் எதுவானாலும் ஆங்கில மொழிபெயர்ப்போடு கொடுங்கள். அவற்றைப் பார்த்துக் கிரெடிட் வழங்கும் அதிகாரம் பள்ளி முதல்வருக்கு உண்டு. யாரும் கொடுக்காததால் ஊரில் 10 முடித்த பிள்ளை இங்கே பூஜ்யத்திலிருந்து தொடங்குவதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. ரீஜன்ட்ஸ் வினாத்தாள் தமிழில் அச்சாவதில்லை. ஆங்கிலம் கற்கும் மாணவர் என்ற பதிவு இருந்தால் கூடுதல் நேரமும் இருமொழிச் சொற்பட்டியலும் கேட்டு வாங்கலாம்.

விண்ணப்பம் நேரே பள்ளிக்குத்தான். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் வரிசைப்படுத்திப் போடும் இணையச் சேர்க்கை இதற்கு இல்லை. போன் செய்து, அடுத்த அறிமுகக் கூட்டம் எப்போது என்று கேளுங்கள். வயது, கிரெடிட் வரம்பு பள்ளிக்குப் பள்ளி மாறும் என்பதால் மூன்று பள்ளிகளுக்காவது பேசுங்கள். ட்ரான்ஸ்கிரிப்ட், பிறப்புச் சான்றிதழ் அல்லது பாஸ்போர்ட், முகவரிச் சான்று, தடுப்பூசிப் பதிவு, சிறப்புக் கல்வித் திட்டம் இருந்தால் அந்தத் தாள், எல்லாம் ஒரே உறையில் இருக்கட்டும். எங்கே போவது என்றே தெரியாவிட்டால் நகரத்தின் ஒவ்வொரு பெரும் பிரிவிலும் (பரோ) கல்வித் துறையின் வழிகாட்டும் ரெஃபரல் சென்டர் உண்டு.

நேர்காணலில் மதிப்பெண்ணைவிட வருகையைத்தான் துருவுவார்கள். "ஏன் வராமல் போனாய்?" என்ற கேள்விக்குப் பிள்ளையே பதில் சொல்ல வேண்டும், பக்கத்தில் இருக்கும் அம்மா முந்திக்கொண்டால் இடம் நழுவும். "இனி ஒழுங்காக வருவேன்" என்பது போதாது. "இரவு 11 வரை கடை வேலை, காலையில் எழ முடியவில்லை, வேலையை இப்போது சனி, ஞாயிறுக்கு மாற்றிவிட்டேன்" என்பது பதில். கைக்குழந்தை இருந்தால் மறைக்கத் தேவையில்லை, மாணவப் பெற்றோருக்கென்றே லைஃப் என்ற இலவசக் குழந்தைக் காப்பகத் திட்டம் நகரத்தில் நடக்கிறது.

பல பள்ளிகளில் ஒரு தொண்டு நிறுவனமும் கூடவே வேலை செய்யும். அதன் ஆலோசகர் ஒவ்வொரு மாணவருக்கும் ஒருவர். காலையில் பிள்ளை வராவிட்டால் போன் அடிப்பவர் அவர்தான். சம்பளத்தோடு பயிற்சி வேலை பிடித்துக் கொடுப்பதும் அவர் வழியாகத்தான். நேர்காணலிலேயே இந்த வசதி உண்டா என்று கேளுங்கள். வருடத்துக்கு எத்தனை பருவம் என்பதும் கேட்க வேண்டியது: மூன்று பருவம் வைக்கும் பள்ளியில், தோற்ற பாடத்தை விரைவில் திரும்ப எடுக்கலாம். 19 வயதுக்காரருக்கு இது முக்கியம். பதினேழரை வயது கடந்து, ஹைஸ்கூலில் ஐந்தாவது வருடத்துக்கு வந்து, 17 கிரெடிட்டாவது வைத்திருப்பவர் பகலில் வேலை பார்க்கிறார் என்றால், மாலையில் ஹைஸ்கூல் வகுப்பு நடக்கும் ஒய்ஏபிசி மையத்தையும் விசாரிக்கலாம்.

சேர்ந்த முதல் வாரத்திலேயே புதிய பள்ளி பதிவு செய்த கிரெடிட்டை நீங்கள் பிரித்து எழுதிய தாளோடு ஒப்பிடுங்கள். ஊர்ச் சான்றிதழுக்கான கிரெடிட்தான் அதிகம் விடுபடும். விடுபட்டிருந்தால் அன்றே எழுத்தில் கேளுங்கள். பிறகு ஒவ்வொரு பருவம் முடிந்ததும் புதிய ட்ரான்ஸ்கிரிப்ட் வாங்கி, 44-ல் எத்தனை மிச்சம் என்று பிள்ளையையே எண்ணச் சொல்லுங்கள்.