தையல் இயந்திரம் இருந்த இடம்

மதுரை தெற்குவாசல் பக்கம் ஒரு ஜமாஅத்தின் பைத்துல்மாலில், அதாவது பொது உதவி நிதியில், கணக்கு எழுதுகிறேன். ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அதற்கு முன் ஒரு நுண்கடன் நிறுவனத்தில் மூன்றரை ஆண்டு வசூல் வேலை பார்த்தேன். காலை ஏழு மணிக்கு வில்லாபுரத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில் பத்துப் பெண்களை உட்காரவைத்து வாரத் தவணை வாங்குவேன். ஒருத்தி பணம் கொண்டுவரவில்லை என்றால் மற்ற ஒன்பது பேரும் எழுந்து போக முடியாது. அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்தவள், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டியவள், எல்லோரும் அந்த ஒருத்தியையே பார்ப்பார்கள். நான் வாய் திறக்க வேண்டியதில்லை. அந்தப் பார்வையே வசூலித்துக் கொடுத்துவிடும்.

பைத்துல்மாலுக்கு வந்தபோது அந்தத் திண்ணையை விட்டு வெகுதூரம் வந்துவிட்டதாக நம்பினேன். இங்கே வட்டி கிடையாது. அழகிய கடன் என்று குர்ஆன் சொல்லும் கடன் கொடுக்கிறோம்: 5,000 முதல் 25,000 ரூபாய் வரை. வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தால் போதும். விண்ணப்பத்துக்கும் பாஸ் புத்தகத்துக்கும் 50 ரூபாய். கடன் ஐயாயிரமானாலும் இருபத்தைந்தாயிரமானாலும் அதே 50 தான். கடன் தொகைக்கு ஏற்ப அதையும் கூட்டினால் வட்டி வேறு பெயரில் உள்ளே நுழைந்துவிடும் என்று எங்கள் மார்க்க அறிஞரான ஹஜ்ரத் முதல் நாளே சொல்லிவிட்டார். என் சம்பளமும் அலுவலக வாடகையும் அதற்கென்றே தனியாக நன்கொடை தருபவர்களின் பணம்.

என் மேசையில் இரண்டு பேரேடுகள் இருக்கின்றன. பச்சை அட்டை கட்டாயத் தர்மமான ஜகாத்துக்கு, சிவப்பு அட்டை கடனுக்கு. இதில் உள்ளதை அதில் எடுக்கக் கூடாது. செல்வத்தில் நாற்பதில் ஒரு பங்கு, அதாவது இரண்டரை சதவீதம், ஆண்டுக்கொரு முறை ஜகாத்தாகப் பிரிகிறது. அதைப் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரைக் குர்ஆனே ஒன்பதாவது அத்தியாயத்தில் வரிசைப்படுத்துகிறது. ஏழை, வறியவர், கடன்பட்டவர் எல்லோரும் அதில் வருகிறார்கள். பெறுபவருக்கு அது முழு உரிமையாகிவிட வேண்டும், திரும்பி வரக் கூடாது. ஆகவே ஜகாத் பணத்தைக் கடன் நிதியில் போட்டுச் சுழற்ற எங்கள் ஆலிம்கள் அனுமதிக்கவில்லை. கடன் நிதி ஜமாஅத்தாரின் சதகாவில், அதாவது விரும்பிக் கொடுக்கும் தர்மத்தில், சேர்ந்தது. அதிலிருந்து யாருக்கும் கொடுக்கலாம், மதம் தடையில்லை. எங்கள் சிவப்புப் பேரேட்டில் மூன்றில் ஒரு பங்கு முஸ்லிம் அல்லாத பெண்கள். வட்டிக்காரர் எல்லோருக்கும் பொதுவாக இருக்கும்போது கடன் நிதியும் பொதுவாக இருப்பதுதான் நியாயம்.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் விடியற்காலையில் 900 ரூபாய் வாங்கி, அன்று மாலையே 1,000 ரூபாயாகத் திருப்பிக் கொடுத்தவர்கள் எங்களிடம் வந்திருக்கிறார்கள். நூறு நாள் தண்டல் கொஞ்சம் மரியாதையான தோற்றத்தில் வரும். 10,000 ரூபாய்க் கடன் என்று எழுதிக்கொண்டு 8,500 கையில் தருவார்கள். தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். 1,500 தானே என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் கரைகிறது. அந்த நூறு நாளும் கடன் வாங்கியவர் கையில் சராசரியாக இருப்பது பாதிப் பணம்கூட இல்லை. இதை ஒரு பூக்காரம்மாவுக்குத் தாளில் போட்டுக் காட்டினேன். நீண்ட நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "தெரியும்மா. ஆனால் அதிகாலை மூன்று மணிக்கு அவன்தானே அங்கே நிற்கிறான்?" என்றார். அதிக வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-இலேயே சட்டம் வந்துவிட்டது. சாலையோர வியாபாரிகளுக்குத் தொடக்கக் கடன் தரும் மத்திய அரசுத் திட்டம் 2020-இல் வந்தது. இரண்டும் வேண்டியவைதான். ஆனால் அந்த மூன்று மணிக்கு நிற்பது யார் என்ற கேள்விக்கு இரண்டிலும் பதில் இல்லை.

அந்தப் பூக்காரம்மாவுக்கு மாதத் தவணை பொருந்தவில்லை. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை. வைகாசியிலும் தையிலும் ஒரே நாளில் ஒரு வாரத்துப் பணம் புரளும். முகூர்த்த நாள்களைக் காலண்டரில் பார்த்து அவருக்குத் தவணை தேதி போட்டோம். ஒன்றுகூடத் தவறவில்லை. நான் பெருமைப்படும் வேலைகளில் அது ஒன்று.

வட்டியில்லாத வங்கிச் சேவையைப் பரிசீலிக்கலாம் என்று ரகுராம் ராஜன் தலைமையிலான குழு 2008-இல் பரிந்துரைத்தது. அந்த யோசனையை மேற்கொண்டு தொடரப்போவதில்லை என்று 2017-இல் ரிசர்வ் வங்கி முடிவு செய்தது. ஆகவே எங்களைப் போன்றவர்கள் சிறிய அறக்கட்டளைகளாகவே இருக்கிறோம். வைப்புத்தொகை வாங்குவதில்லை. "ஹலால் லாபம்" என்று ஆசை காட்டிச் சேமிப்புகளை விழுங்கியவர்களால் இன்றும் சிலர் எங்கள் வாசலில் சந்தேகத்தோடுதான் நிற்கிறார்கள். அந்தச் சந்தேகம் அவர்களுக்கு நல்லது.

இத்தனையும் சரியாக நடக்கும் ஓர் இடத்தில்தான் நான் அந்தத் தவறைச் செய்தேன்.

கணவர் இறந்தபின் இருக்கும் இத்தாக் காலம் முடிந்து இரண்டு வாரம்கூட ஆகாத ஒரு பெண் வந்தார். கணவர் லோடு ஆட்டோ ஓட்டியவர். இரண்டு பிள்ளைகள். விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக் கடைக்கு நைட்டி தைத்துக் கொடுத்தால் உருப்படிக் கணக்கில் கூலி கிடைக்கும், மோட்டார் வைத்த இயந்திரம் வேண்டும் என்றார். ஜகாத்தில் எழுதலாமா என்று மெதுவாகக் கேட்டேன். முகம் மாறிவிட்டது. "என் அத்தா ஜகாத் கொடுத்தவர் அக்கா. கடனாகவே கொடுங்கள், கட்டிவிடுவேன்" என்றார். 18,000 ரூபாய், மாதம் 1,500, பன்னிரண்டு மாதம். பக்கத்து மளிகைக் கடை பாய் ஜாமீன் போட்டார்.

ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதிக்குள் பணம் வந்துவிடும். ஒன்பது தவணை, ஒன்பது கையெழுத்து. என் சிவப்புப் பேரேட்டிலேயே அவ்வளவு ஒழுங்கான வரிசை வேறு இல்லை. நிர்வாகக் கூட்டத்தில் அந்தப் பக்கத்தை விரித்துக் காட்டினேன்.

நோன்பின் கடைசிப் பத்து நாளில், பெருநாளுக்காக ஏழைகளுக்குத் தரும் ஃபித்ரா அரிசிப் பட்டியலுக்காக வீடு வீடாகப் போனபோது அவர் வீட்டுக்கும் போனேன். ஒற்றை அறை. சன்னல் ஓரம் வெறுமையாக இருந்தது. சிமெண்ட் தரையில் நான்கு துருக்கறைகள், இயந்திரத்தின் கால்கள் நின்ற இடம். நடுவில் எண்ணெய் சொட்டிய கருப்புத் திட்டு. சுவரோடு ஒட்டி நீல நூல் துணுக்கு ஒன்று கிடந்தது.

நான் கேட்கும் முன் அவரே சொன்னார். மழைக்காலத்தில் கடையில் தையல் கொடுக்கவில்லை. ஆறாவது மாதம் இயந்திரத்தை 9,000 ரூபாய்க்கு விற்றிருக்கிறார். இரண்டு மாத வாடகை போக மீதி எங்களிடம் தவணையாக வந்திருக்கிறது. அது தீர்ந்ததும் ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவப் போயிருக்கிறார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"ஜாமீன் போட்ட பாய் தினமும் கடைவாசலில் உட்கார்ந்திருக்கிறார் அக்கா. அவர் ஒன்றும் கேட்டதில்லை. ஆனால் நான் அந்த வழியாகத்தானே போக வேண்டும்?"

வில்லாபுரத்துத் திண்ணை நினைவுக்கு வந்தது. அங்கே ஒன்பது பேர் பார்த்தார்கள், இங்கே ஒருவர். வட்டியைத்தான் எடுத்துவிட்டிருந்தோம். கடன்பட்டவர் நெருக்கடியில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுங்கள், விட்டுக்கொடுத்தால் அது இன்னும் மேலானது என்ற பொருளில் வரும் வசனம் எங்கள் அலுவலகச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. அவகாசம் கேட்டு வருபவருக்குக் கொடுப்போம். கேட்கக் கூசுபவரிடம் நாங்கள் போய்க் கேட்டதில்லை. பணம் வருகிறது என்பதால் வீடு நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வேளைச் சோற்றுக்கே வழி தெரியாத வீட்டுக்குக் கடன் எவ்வளவு அழகியதாக இருந்தாலும் பாரம்தான். அவருக்குப் பச்சைப் பேரேட்டில்தான் இடம் இருந்தது. அவர் கூச்சத்தைக் காரணமாக வைத்து, எனக்கு எளிதான பேரேட்டில் எழுதிவிட்டேன்.

மிச்சம் 4,500 ரூபாய். அதைத் தள்ளுபடி செய்து ஜகாத் கணக்கில் கழித்துக்கொள்ளலாமா என்று ஹஜ்ரத்திடம் கேட்டேன். "கூடாதும்மா. ஜகாத் கைக்குப் போய்ச் சேர வேண்டும். கடனை விட்டதை ஜகாத் என்று எழுத முடியாது. பணத்தை அவர் கையில் கொடுங்கள், பிறகு அவர் எதற்குச் செலவழித்தாலும் அவர் உரிமை" என்றார். ஜகாத் என்றால் வாங்க மாட்டாரே என்றேன். "அந்தச் சொல்லை அவரிடம் சொல்ல வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. கொடுப்பவரின் நிய்யத்து போதும், மனதில் அந்த எண்ணம் இருந்தால் சரி."

பெருநாளைக்கு முந்தைய நாள் பிள்ளைகளின் துணியோடு ஓர் உறையைக் கொடுத்துவிட்டு வந்தேன். பெருநாள் முடிந்து மூன்றாம் நாள் அதே உறையோடு வந்து 4,500 ரூபாயைக் கடனுக்குக் கட்டிவிட்டுப் போனார். அடுத்த மாதம் பச்சைப் பேரேட்டிலிருந்து ஓர் இயந்திரம் வாங்கி அவர் வீட்டில் இறக்கினோம். அதே நான்கு கறைகளின் மேல் அவரே நகர்த்தி வைத்தார்.

இப்போது கடன் விண்ணப்பத்தில் புதிதாக ஒரு கேள்வி சேர்த்திருக்கிறோம்: தொழில் ஒரு மாதம் நின்றால் இந்த வீட்டில் சோறு எப்படி வரும்? பதில் இல்லாதவர்களுக்குக் கடன் எழுதுவதில்லை, பச்சைப் பேரேட்டை எடுக்கிறேன். இரண்டாவது தவணைக்கும் நான்காவது தவணைக்கும் இடையில், பணம் ஒழுங்காக வந்தாலும், ஒருமுறை வீட்டுக்குப் போய் வருகிறேன்.

அந்தப் பெண் இப்போதும் மாதம் ஒருமுறை அலுவலகப் படியேறி வருகிறார். "புது மிஷினுக்கு எந்தத் தேதியில் தவணை அக்கா?" என்று கேட்கிறார். பொய் சொல்லவும் மனம் வரவில்லை, அந்தச் சொல்லைச் சொல்லவும் வாய் வரவில்லை. போன வெள்ளிக்கிழமையும் கேட்டார். உட்காரச் சொல்லி, தேநீர் வாங்கிவரப் பையனை அனுப்பினேன்.