இரண்டாவது போத்தல்

அம்மாவின் ஈரலில் இருந்தது காசநோய் அல்ல என்று உறுதியாக ஏழு மாதங்கள் சென்றன. அதில் பாதி ஒரு சின்னப் போத்தலால் வீணானது. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

தோட்டத்து டிஸ்பென்சரி, ஹட்டனில் ஸ்கேன், கண்டியில் வார்ட்டு; ஈரலில் ஊசி குத்தி இழையம் எடுக்கும்வரை குறையில்லை. அறிக்கையில் கிரனுலோமா என்ற சிறு அழற்சி முடிச்சு, அதனுள் காசநோய்க் கிருமியைப் போலவே சாயமேறிய கிருமிகள். காசநோய் மாத்திரை தொடங்கினார்கள். இரண்டு மாதமாகியும் மாலைக் காய்ச்சல் விடவில்லை. லயத்தில் ஆட்கள் ஒதுங்கினார்கள். அம்மா தன் தேநீர்க் கோப்பையைத் தானே பிரித்து ஜன்னல் கட்டையில் கவிழ்த்து வைத்துக்கொண்டார்.

மார்பு நோய் கிளினிக்கில் ஒரு டொக்டர்தான் சந்தேகப்பட்டார். காசநோய்க் கிருமியின் உறவுக் கிருமிகள் மண்ணிலும் தண்ணீரிலும் உண்டாம். நுணுக்குக்காட்டியில் எல்லாம் ஒன்றுபோலவே தெரியுமாம், வளர்த்துப் பார்த்தால் எந்த வகை என்று உறுதியாகப் பிரித்தறியலாமாம். முதலில் எடுத்த இழையத்தைக் கேட்டு விடியற்காலை பஸ்ஸில் கண்டிக்குப் போனேன். "முழுவதையும் போமலினில் போட்டாயிற்றே, தம்பி" என்றார் ஆய்வுகூடத்தில் இருந்தவர். இழையம் கெடாமல் காக்கும் அந்தத் திரவம் கிருமியைக் கொன்றுவிடும். செத்தது எப்படி வளரும்? வெறுங்கையோடு திரும்பினேன். அம்மாவுக்கு மறுபடியும் ஊசி.

இம்முறை ஊசிக்கு முன்பே வாய்திறந்து கேட்டேன். இரண்டு போத்தல்கள் வைத்தார்கள்: ஒன்றில் போமலின், மற்றதில் சேலைன் எனும் உப்பு நீர். சேலைனின் அடியில் நூல் துண்டு போல வெளிறிய இழையம் கிடந்தது. பெயர், திகதி, வார்ட்டு இலக்கம் மூன்றையும் படிவத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே கதிரையில் உட்கார்ந்தேன். அது வெலிசறை தேசிய காசநோய் ஆய்வுகூடத்துக்குப் போனது. மரபணுப் பரிசோதனையில் காசநோய்க் கிருமி இல்லை. ஆறாவது வாரத்தில் வளர்ந்து வந்தது அந்த உறவுக் கிருமிகளில் ஒன்றான மைக்கோபக்டீரியம் ஏவியம் வகை.

ஈரல் பயொப்சிக்கு, அதாவது இப்படி ஊசியால் இழையம் எடுக்கப் போகிறவர்களே, "வளர்ப்புக்கு ஒரு துண்டு சேலைனில் போடுவீர்களா?" என்று ஊசிக்கு முன்பே கேளுங்கள். பழைய மருந்துகளையும் மறைக்காமல் சொல்லுங்கள். மூட்டுவாதத்துக்காக அம்மா பல வருடங்கள் குடித்த ஸ்டீரொயிட் மாத்திரையை நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை. அது உடலின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும்; அப்படிக் குறைந்தவர்களையே இந்தக் கிருமி பெரும்பாலும் ஈரல்வரை பிடிக்கிறது.

இப்போது கிளாரித்ரோமைசின் உட்பட மூன்று மருந்துகள், ஒரு வருடத்துக்கு மேல் குடிக்க வேண்டும். காய்ச்சல் இறங்கிவிட்டது. இந்த நோய் ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றாது என்று டொக்டர் சொன்னதை அம்மாவிடம் மூன்று தரம் சொன்ன பிறகுதான், அந்தக் கோப்பையை எடுத்து மற்றவற்றோடு வைத்தார்.